உப்பு பார்க்கிற வேலை

எங்கள் வீட்டில் மீன் குழம்புக்கு உப்பு பார்க்கிற வேலை என்னுடையது. தாத்தா தூண்டில் போட்டு மீன் கொண்டுவருவார். அம்மா ஆய்ந்து, கல்லில் உரசிக் கழுவி, புளி கரைத்துக் குழம்பு வைப்பாள். வாயில் மட்டும் வைக்கமாட்டாள். அவள் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பே வடலூர் போய்வந்து புலால் விட்டவள். மாமனாருக்கு ஆக்கிப்போடுவது கடமை, தான் தின்பது பாவம் என்று ஒரு கோடு கிழித்துக்கொண்டு அறுபது வருஷமாக அந்தக் கோட்டின்மேலேயே நடந்துகொண்டிருக்கிறாள். குழம்பு கொதி வந்ததும் "ஏ புள்ள, உப்பு பாரு" என்று குரல் வரும். உள்ளங்கையைக் குழித்து நீட்டுவேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு சுடச்சுட விழும். நக்கிவிட்டு "பத்தல" என்பேன். எத்தனை தரம் பார்த்தாலும் பத்தாது என்றுதான் சொல்வேன், இன்னொரு சொட்டு கிடைக்கும் என்பதற்காக.

காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில், வடவாற்றங்கரையில் எங்கள் ஊர். கீழணையில் கொள்ளிடத்துத் தண்ணீரைத் திருப்பி வீராணம் ஏரிக்குக் கொண்டுவருகிற ஆறு அது. வீராணம் என்றால் இப்போது எல்லாருக்கும் சென்னைக் குடிதண்ணீர் ஞாபகம்தான் வருகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. 'பொன்னியின் செல்வன்' தொடங்கும்போது வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்று குதிரையில் வருகிறானே, அந்தக் கரை. அந்தக் கரையில் தாத்தாவுக்குப் பின்னால், மண்புழு போட்ட கொட்டாங்குச்சியைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். பத்து வயதில் எனக்கென்று தனிக் கழி வந்தது. பதின்மூன்றில் பெரியமனுஷி ஆனதும் அது போனது. "இனிமே கரையில போயி குந்திக்கிட்டிருக்கக் கூடாது" என்றார் தாத்தாவே. உயிர்மேல் இரக்கப்பட்டு நான் தூண்டிலை விடவில்லை. பொம்பளைப் பிள்ளை என்பதால் பிடுங்கி வைத்துவிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொல்லாமையைப் பற்றி நான் பேசப்போவதில் யாரும் என்னைக் கெட்டுத் திருந்தியவள் என்று நினைத்துவிடக் கூடாது.

பிறகு கிராம சுகாதார செவிலியர் வேலை. முப்பது வருஷத்துக்குமேல் சைக்கிளிலும் அப்புறம் ஸ்கூட்டியிலும் துணை சுகாதார நிலையங்களைச் சுற்றினேன். ரத்தசோகையோடு வருகிற கர்ப்பிணிகளுக்கு மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, கீரை சாப்பிடு, முட்டை சாப்பிடு, வாரத்தில் ரெண்டு நாளாவது மீன் சாப்பிடு என்பேன். சின்ன மீனை முள்ளோடு மென்று தின்னச் சொல்வேன். எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேனோ. என் வாய்ச்சொல்லால் செத்த மீனைக் கணக்குப் பார்த்தால் எந்த வலைக்காரரும் என்னிடம் தோற்றுப்போவார். வாங்கித் தின்கிறவன் இல்லாவிட்டால் கொன்று விற்கிறவனும் இருக்கமாட்டான் என்று வள்ளுவர் புலால் மறுத்தலில் வாதம் வைக்கிறார். வாங்கச் சொல்லி ஊர் ஊராக அலைந்தவளை எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்று தெரியவில்லை.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். மூன்றாம் நாளே வீட்டில் உட்கார முடியவில்லை. தங்கச்சி மகன் சென்னையில் இருக்கிறான். பெரியம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஃபைபர் ராடும் ரீலும் வாங்கிவந்தான். வீசினேன். நரம்பு ரீலிலேயே குருவிக்கூடாகச் சுற்றிக்கொண்டது. அதைப் பிரிக்கவே ஒரு சாயங்காலம் ஆயிற்று. ராடை அவனிடமே கொடுத்தனுப்பிவிட்டு, கொல்லையில் கிடந்த மூங்கிலில் பத்தடிக் கழி ஒன்றைச் சீவினேன். கழியின் நீளத்துக்குத் தங்கூஸ் நரம்பு. எட்டாம் நம்பர் முள். மிளகு அளவு ஈயம். தக்கைக்கு வீட்டுக்காரரின் பழைய ஹவாய் செருப்பிலிருந்து ஒரு துண்டு. அவர் அந்தச் செருப்பை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

முதல் நாள் கரையில் உட்கார்ந்தபோது மீன் குத்தகைக்காரரின் ஆள் பரிசலை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நர்ஸம்மா, நீங்களா? யாருக்காச்சும் ஊசி போட வந்தீங்களோன்னு நெனச்சேன்." தூண்டில் போடலாமா என்று கேட்டேன். "ஒத்தத் தூண்டிதானே, போடுங்க. உங்க கையால ஊசி போட்டுக்காதவன் இந்த ஊருல எவன் இருக்கான், மீனும் ரெண்டு போட்டுக்கட்டும்." சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது.

நாற்பத்தேழு வருஷத்தில் மீன் மாறிவிட்டது. தாத்தா காலத்தில் கெண்டை, கெளுத்தி, குறவை, ஆரல். இப்போது முள்ளைப் போட்டால் பத்துக்கு எட்டு ஜிலேபி. ஆப்பிரிக்க மீன், 1952-ல் நம் நாட்டுக்குள் கொண்டுவந்து விட்டது. நாட்டு மீனையெல்லாம் அது ஒழித்துவிட்டது, அதனால் பிடித்துத் தின்பது புண்ணியம் என்று கரையில் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை. அது கேட்டா வந்தது? கொண்டுவந்து விட்டவன் மனுஷன், அதற்குத் தண்டனை மீனுக்கா?

ஜிலேபி கடிக்கிற விதம் கெண்டை மாதிரி இல்லை. கெண்டை ஒரே இழுப்பில் தக்கையைச் சாய்த்துக்கொண்டு ஓடும். ஜிலேபி முதலில் புழுவின் வாலைத்தான் கொறிக்கும். செருப்புத் துண்டு லேசாக நடுங்கும், நின்றுவிடும். மறுபடி நடுங்கும், சுற்றிலும் சின்னதாக ஒரு வட்டம் விரியும். அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். தக்கை ஒரு விரற்கடை அளவு அமுங்கி, பக்கவாட்டில் நகரத் தொடங்கும்போது மணிக்கட்டை மட்டும் மேலே திருப்பவேண்டும். பத்து வயதில் கற்றது. மூளை மறந்துவிட்டிருந்தது. மணிக்கட்டு மறக்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் அது நடந்தது. உள்ளங்கை அகல ஜிலேபி ஒன்றைக் கழற்றும்போது அது உடம்பை ஒரு உதறு உதறியது. அதன் வாயிலிருந்த முள் என் இடது கட்டைவிரலில் ஏறிவிட்டது. தூண்டில் முள்ளின் உள்பக்கம் எதிர்த்திசையில் ஒரு குட்டி முள் இருக்கும். உள்ளே போனது திரும்ப வராமலிருக்க வைத்த ஏற்பாடு. அது தோலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மீன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அது துள்ளத் துள்ள எனக்கு உயிர் போகிறது. வலது கையால் நரம்பை இழுத்துப் பிடித்துக் கடித்து அறுக்கிறவரைக்கும் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷமும் ஒரே முள்ளில் இரண்டு உயிர் மாட்டிக்கிடந்தோம்.

தூண்டில் முள்ளை எப்படி எடுப்பது என்பது எனக்குத் தெரியும். பின்னால் இழுத்தால் சதை கிழியும். முன்னால் தள்ளி, நுனியைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, எதிர்முள்ளைக் கட்டரால் வெட்டிவிட்டு, பிறகு வந்த வழியே உருவவேண்டும். ஊரில் எத்தனையோ பையன்களுக்கு மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தும் இருக்கிறேன். வீட்டுக்காரரை டார்ச் பிடிக்கச் சொல்லி எனக்கு நானே செய்துகொண்டேன், மரத்துப்போகிற மருந்து இல்லாமல். மறுநாள் டிடி போட்டுக்கொண்டேன். கை வீங்கிக் கிடந்த அந்த நாலைந்து நாளில்தான் இந்தக் கட்டுரையில் இருக்கிற கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன.

மீனுக்கு வலிக்குமா? வலிக்காது என்றுதான் மனுஷர்கள் ரொம்பக் காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2003-ல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெட்டன் என்ற அம்மாவும் கூட்டாளிகளும் டிரௌட் மீனின் உதட்டில் தேனீ விஷத்தையும் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். மீன்கள் உடம்பை அசைத்து அசைத்து ஆடின. அமிலம் ஏற்றியவை உதட்டைத் தரைச் சரளையில் தேய்த்தன. ரொம்ப நேரம் இரை எடுக்கவில்லை. அதெல்லாம் அனிச்சைதான், நம்மைப்போல வலியை உணர்கிறது என்று ஆகாது என்று மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். வாய் பேசாத கைக்குழந்தைக்கு ஊசி போட்டவள் நான். உதட்டைத் தேய்க்கிற உயிருக்கு வலிக்கிறதா என்று எனக்கு இன்னொரு ஆராய்ச்சி வேண்டாம்.

ஆனால் ஒன்று கவனித்தேன். ஆட்டை அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற என் வீட்டுக்காரர், மீன் துடிப்பதை வேடிக்கை பார்ப்பார். மீனுக்குக் குரல் இல்லை, அதுதான் வித்தியாசம். எனக்குத் தெரிந்து கெளுத்தி ஒன்றுதான் விதிவிலக்கு. தண்ணீரைவிட்டு எடுத்ததும் பக்கவாட்டு முள்ளை மூட்டில் உரசிக் 'கர்ர்... கர்ர்' என்று சத்தம் போடும். சின்ன வயதில் கெளுத்தி விழுந்தால் நான் காதைப் பொத்திக்கொள்வேன். தாத்தா கோபப்படுவார்: "கெண்டையும் இதேதான் சொல்லுது, ஒனக்குக் கேக்கல, அவ்ளோதான்." அவர் பிடித்த மீனை வாளியில் துடிக்க விடமாட்டார். அங்கேயே கல்லில் தலையை ஒரு தட்டு. அது கருணை என்று அப்போது எனக்குத் தெரியாது, அவசரம் என்று நினைத்தேன்.

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வள்ளலாரைத் தாண்டிப் போகமுடியாது. மருதூரில் பிறந்தவர், 1867-ல் வடலூரில் தருமசாலை வைத்தார். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. 1872-ல் சத்திய ஞான சபை கட்டினார். கொலையையும் புலாலையும் விட்டவர்கள்தான் உள்ளே வரலாம் என்று சபை வாசலில் இருக்கிறது. உயிரைக் கொன்று தின்கிறவர்கள் அவருக்கு உறவினம் இல்லை, புறவினம். அம்மா சின்ன வயதிலேயே இதை எனக்குச் சொல்லியிருக்கிறாள், ஒரு தடவையும் அதட்டிச் சொன்னதில்லை. நான் பிடித்துக்கொண்டது அதற்கு அடுத்து அவர் சொன்னதை. புறவினத்தாராக இருந்தாலும் பசி என்று வந்தால் சோறு போடவேண்டும் என்கிறார். சபைக்கு வாசல்படி இருக்கிறது. சாலைக்கு இல்லை. முந்தின நாள் கெண்டை தின்ற வாயோடு தருமசாலைப் பந்தியில் உட்கார்ந்து நான் எத்தனை தரம் சாப்பிட்டிருக்கிறேன். பரிமாறுகிறவர் யாரும் வாயை முகர்ந்து பார்க்கவில்லை.

இங்கே எனக்கு ஒரு சிக்கல். நாகப்பட்டினத்தில் நுளைப்பாடி. அங்கே அதிபத்தர் என்ற பரதவர், அறுபத்துமூவரில் ஒருவர். வலையில் விழுகிற மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். ஒரு காலத்தில் நாள்தோறும் ஒரே ஒரு மீன்தான் விழுந்தது. அதையும் விட்டார். வீட்டில் பட்டினி. கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வந்தது. அதையும் விட்டார். ஆவணி ஆயில்யத்தில் நாகையில் இன்றைக்கும் தங்க மீன் விடுகிற விழா நடக்கிறது. அந்தக் கதையில் சிவன் ஓரிடத்திலும் மீன் பிடிக்காதே என்று அவரிடம் சொல்லவில்லை. மற்ற மீன்கள் செத்ததைப் பற்றிச் சேக்கிழாருக்கு வருத்தமில்லை. சிறுவயதிலேயே பெரிய புராணம் பிரசங்கம் செய்தவர் என்று வள்ளலாரைச் சொல்வார்கள். அவருக்கு அதிபத்தரைத் தெரியாமலா இருக்கும்? நாயன்மார் வரிசையில் நிற்கிற ஒருவர் சபை வாசலுக்கு வந்தால் என்ன செய்வார்கள்? அம்மாவிடம் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவுரு பொழப்புக்குப் புடிச்சாரு. ஒனக்குப் பென்ஷன் வருது."

கட்டைவிரல் ஆறியதும் இரண்டு காரியம் செய்தேன். குறட்டால் முள்ளின் எதிர்முள்ளை நசுக்கித் தேய்த்துவிட்டேன். இப்போது பாதிக்குப் பாதி மீன் தப்பிவிடுகிறது, கழற்றுவதும் ஒரு நொடிதான். தப்புகிறதையெல்லாம் சிவன் பங்கில் எழுதலாமா என்று ஆசை வந்தது. அது என் கைக்குறை, கொடையில் சேராது. அதனால் இரண்டாவது காரியம்: அதிபத்தர் வழியில், ஒவ்வொரு நாளும் முதல் மீனைத் திருப்பி விடுவது.

ஒன்றரை மாசம் சுலபமாக நடந்தது. முதல் மீன் பெரும்பாலும் விரல் நீள ஜிலேபி. விட்டுவிட்டு, கண்ணை மூடி ஒரு 'சிவசிவா'. சாமியார் ஆனதுபோல ஒரு நினைப்பு வேறு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சி மகன் கைக்குழந்தையோடும் பெண்டாட்டியோடும் வந்திருந்தான். காலையிலிருந்து தக்கை அசையவே இல்லை. பதினொரு மணிக்குக் கோரைப் புதரின் ஓரத்தில் போட்ட புழுவை ஒன்று விழுங்கி இழுத்தது. கழி வளைந்த வளைவில் முறிந்துவிடும் என்று நினைத்தேன். விரால். முக்கால் கிலோ இருக்கும். கரையில் கிடந்து வழவழவென்று கறுப்பாக நெளிகிறது. அன்றைக்கு அதுதான் முதல் மீன், அதுதான் ஒரே மீன்.

விரால் குஞ்சு மேய்க்கிற மீன். செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் தண்ணீரின் மேலே வந்து வந்து மூச்சு வாங்கும், அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். செங்குஞ்சு தெரிகிற இடத்தில் தூண்டில் போடாதே என்பது தாத்தாவின் சட்டம். அந்தக் கோரைக்குள் குஞ்சு இருந்ததா? நான் பார்க்கவில்லை என்று எழுத வந்தேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் சரி.

விடவில்லை. தலையில் ஒரு தட்டு தட்டி, துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதிபத்தரைச் சோதிக்க நவரத்தின மீன் தேவைப்பட்டது. எனக்கு முக்கால் கிலோ விரால் போதும். பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டார்கள். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. அவளிடம் போய் நடந்ததைச் சொல்லி, "பசியோட வந்த புள்ளைங்களுக்கு வேற என்ன போடுறது?" என்றேன்.

"கத்திரிக்கா இருந்துதே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் படித்த புராணம், கேட்ட பிரசங்கம் எதிலும் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. எந்த நாளிலும் எங்கள் வீட்டில் கத்திரிக்காய் இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் முருங்கைக்கீரை இருந்திருக்கிறது.

தங்கச்சி மகனின் சிநேகிதர்கள் ஒருமுறை சென்னையிலிருந்து வந்தார்கள். விலை உயர்ந்த ராடு, பெட்டி நிறைய பொய் இரை. மீனைப் பிடித்து, கையை நனைத்துக்கொண்டு தூக்கி, படம் எடுத்து, தண்ணீரில் விட்டுவிடுவார்கள். கையை ஏன் நனைக்கிறார்கள் என்றால், உலர்ந்த கை பட்டால் மீன் மேலிருக்கிற வழவழப்பு போய்விடுமாம். நல்ல பிள்ளைகள், என்னைவிட மீனைத் தெரிந்தவர்கள். "நாங்க கொல்றதில்ல ஆன்ட்டி" என்றார்கள். அவர்கள் விட்ட மீன் பிழைத்து நீந்துகிறது, நான் பிடித்தது குழம்பாகிவிட்டது. மீனைக் கேட்டால் அவர்கள் பக்கம்தான் சொல்லும். ஆனாலும் எனக்கு அது ஒப்பவில்லை. என் கட்டைவிரல் ஒப்பவில்லை என்று சொல்லலாம். அதிபத்தர் விட்டபோது அவருக்கு வயிறு காய்ந்தது. இவர்கள் விடும்போது ஒன்றும் குறையவில்லை. பிறகு எதற்காக அதன் வாயில் முள்? அதற்கு நானும் பதில் சொல்லியாகவேண்டும் என்று அவர்கள் போனபிறகுதான் தோன்றியது. கத்திரிக்காய் இருக்கிற வீட்டில் என் தூண்டிலும் அவர்கள் தூண்டிலும் ஒன்றுதானே.

தூண்டில் போடுவது தியானம் மாதிரி என்று சொல்கிறவர்கள் உண்டு. தக்கையைப் பார்த்திருக்கும்போது மனம் ஒடுங்குவது நிஜம். பென்ஷன் கோப்பு, மூட்டுவலி, மருமகள் பேச்சு எல்லாம் ஒரு செருப்புத் துண்டுக்குள் அடங்கிவிடும். அதே கரையில் பத்தடி தள்ளி ஒரு கொக்கும் மனம் ஒடுங்கித்தான் நிற்கிறது. திருவிளையாடலில் ஒரு நாரை வருகிறது. மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் மீன் துள்ளுவதைப் பார்த்தும், புண்ணியக் குளத்தில் தின்னக்கூடாது என்று பட்டினி கிடந்தது. சிவன் முத்தி கொடுத்தார். அது கேட்ட வரம் இன்னும் பெரிது: பின்னால் வருகிற நாரைகள் தவறு செய்யாதபடி இந்தக் குளத்தில் மீனே இல்லாமல் போகட்டும். அப்படியே ஆயிற்று என்கிறது புராணம். நாரைக்குத் தன் இனத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. வீராணத்துக்கு அப்படி ஒரு வரம் யாரும் கேட்கவில்லை.

நான் தூண்டிலை விடவில்லை. விட்டுவிட்டேன் என்று முடித்தால் அழகாக இருக்கும், ஆனால் நேற்றுக்கூடப் போனேன், நாலு ஜிலேபி. செய்வது கொலை, அதைக் கொலை என்றே சொல்லிக்கொள்கிறேன். வந்தேறி மீன், தியானம், புரதச் சத்து என்று வேறு பெயர் வைப்பதில்லை. நாலுக்குமேல் பிடிப்பதில்லை. முதல் மீனை விடுகிற நோன்பை நிறுத்திவிட்டேன், அது எனக்கு ஏறாத சட்டை. கோரைப் பக்கம் போனால் முதலில் செங்குஞ்சு பார்க்கிறேன். வாளியில் துடிக்க விடுவதில்லை.

தைப்பூசத்துக்கு அம்மாவை வடலூர் கூட்டிப்போவேன். ஏழு திரையும் விலகுகிற நேரத்தில் அவளை முன்னால் அனுப்பிவிட்டு, சபையின் உள்ளே போகாமல் வெளியே மைதானத்தில் நிற்பேன். அதற்கு முன் பத்து நாள் கழி திண்ணை ஓரத்தில் சாத்தியே இருக்கும், தொடமாட்டேன். தரிசனம் முடிந்து தருமசாலைக்குப் போய் இரண்டு பேரும் ஒரே பந்தியில் சாப்பிடுவோம். அந்தச் சாம்பாருக்கு நான் உப்பு பார்க்கவேண்டியதில்லை.